குற்றமும் பிறப்பும்: குற்றப் பரம்பரைச் சட்டமும் அதன் எச்சங்களும்

தோற்றுவாய்

ஒரு நாட்டின் நீதிமுறையை அந்நாட்டுச் சட்டநூல்களைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. மக்கள் நாவில் வழங்கும் சொற்களும் அதற்குச் சான்றாவன. தமிழ்நாட்டில் சிறுவரும் விளையாட்டாக வழங்கும் 'கேடி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'கேடு' என்பதனோடு ஒலியால் ஒத்திருத்தலின், அதன் அடியாகப் பிறந்ததென்றே பலரும் எண்ணுவர். ஆயின், 'அறியப்பட்ட கொள்ளையன்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் இரண்டும் காவல்துறைப் பதிவேடுகளில் 'கே. டி.' என எழுதப்பெற்று, நாளடைவில் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாயின என்பர். 'கேப்மாரி' என்பது இன்று வசைமொழி. முன்பு அது ஒரு மக்கட் கூட்டத்தாரின் பெயராக ஆவணங்களில் இடம்பெற்றது. ஒரு கூட்டத்தின் பெயரே வசையாக மாறுதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைத் தேடிச் செல்வார்க்குக் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' எதிர்ப்படும்.

'குற்றம்' என்பது ஒருவன் செய்யும் செயலைக் குறிப்பது. 'பரம்பரை' என்பது வழிவழி வரும் பிறப்புத் தொடர்ச்சியைக் குறிப்பது. செயல் ஒருவனோடு நிற்பது. பிறப்பு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. இவ்விரண்டனையும் ஒரு தொடராகப் பிணைத்து, அத்தொடரையே சட்டமாக்கி, எண்பது ஆண்டுக்கு மேல் இந்நாட்டில் ஓர் ஆட்சி நடைமுறைப்படுத்தியது. அச்சட்டம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்கியது, நீக்கப்பெற்ற பின்னரும் எவ்வடிவில் எஞ்சி நின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைத் தெளிவு

ஒருவன் குற்றவாளியா அல்லனா என்று தெளிதற்கு இருவேறு வழிகள் உண்டு. அவன் இச்செயலைச் செய்தானா என்று சான்றுகொண்டு ஆராய்தல் ஒன்று. அவன் எத்தகையோருள் ஒருவன் என்று வகைப்படுத்தி, அவ்வகையாரைப் பற்றிய பொதுக்கருத்தை அவன்மேல் ஏற்றுதல் மற்றொன்று. முன்னையது நீதி, பின்னையது நீதியின் தோற்றத்தை மேற்கொண்ட ஐயம்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் கற்றோர்க்கு விளக்கப் புறச்சான்று தேடவேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையே போதும். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை எனத் தயங்குகின்றனர். அப்பொழுது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? சிலம்பைக் கோவலன் கவர்ந்தமைக்கு ஒரு சான்றும் அவன் காட்டவில்லை. மாறாகக் கள்வர் கைக்கொள்ளும் எண்வகைத் துணைகளைக் களவு நூலிலிருந்து எடுத்து விரிக்கிறான். கள்வர் செய்த அருஞ்செயல்களைக் கதைகளாகக் கூறுகிறான். கள்வர் என்னும் வகையைப் பற்றிய அறிவு, எதிரே நிற்கும் மனிதனைப் பற்றிய அறிவின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அவ்வுரை முடிவதற்குள் கோவலனின் உயிர் முடிவுக்கு வருகிறது. சிலம்பை உடைத்துக் காட்டும் உண்மைச் சான்று வழக்குரை காதையில்தான் வருகிறது. அது காலங்கடந்த சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணக் காவல்துறைக்கெனக் குற்றக் கூட்டத்தாரைப் பற்றிய கையேடுகள் பல எழுதப்பெற்றன. முல்லாலி என்பார் 1892-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. எக்கூட்டத்தார் எவ்வாறு உடுப்பர், எக்குறிமொழி பேசுவர், எக்கருவிகொண்டு கன்னமிடுவர் என அவை வகுத்துரைத்தன. அவற்றைப் பயில்வோர்க்குப் பொற்கொல்லனின் களவு நூல் நினைவுக்கு வராமற் போகாது.

ஒரே ஆண்டு, இருவேறு சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கு ஒரு முன்னோடி உண்டு. வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொன்று பொருள் பறித்த 'தக்கர்' என்பாரை ஒடுக்க 1836-இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. ஒருவன் ஒரு குறிப்பிட்ட கொலையைச் செய்தான் என மெய்ப்பிக்கவேண்டுவதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்திருந்தான் என மெய்ப்பித்தாலே வாழ்நாள் சிறை விதிக்கலாம் என்றது அச்சட்டம். ஆயினும் ஆண்டு, கூட்டத்தைச் சேர்ந்திருத்தலையேனும் வழக்குமன்றத்தில் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது.

1871-ஆம் ஆண்டின் இருபத்தேழாம் சட்டமாகிய குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. பிணையில் விடத்தகாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கமுடையது என ஓர் இனத்தையோ கூட்டத்தையோ வகுப்பையோ அரசு கருதுமாயின், அரசிதழில் அறிவித்து அவ்வினம் முழுவதையும் குற்றப் பரம்பரை ஆக்கலாம். அவ்வறிவிப்பின் செல்லுந்தன்மையை எந்த வழக்குமன்றமும் வினவுதல் கூடாது; அறிவிப்பே முடிவான சான்று ஆகும் என்றும் அது விதித்தது. தொடக்கத்தில் இது வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாபு ஆகியவற்றிற்கே உரியதாயிற்று. 1876-இல் வங்காளத்திற்கும் நீட்டப்பெற்றது. 1897-இல் செய்யப்பெற்ற திருத்தம், நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கவும் இடந்தந்தது.

இச்சட்டத்தை ஆதரித்துச் சட்டமன்றத்தில் கூறப்பட்ட வாதம் எளியது. இந்நாட்டில் தச்சுத் தொழிலும் நெசவுத் தொழிலும் சாதிவழி வருகின்றன. ஆதலின் களவும் சாதிவழியே வருதல் வேண்டும் என்பது அது. தொழிலைப் பற்றிய ஓர் உண்மை, குற்றத்தைப் பற்றிய ஒரு கற்பனைக்கு அடிப்படையாக்கப்பட்டது.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. அதே 1871-ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் தன் நாட்டுக்கெனக் குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவும் பதிவேடு வைக்கச் சொன்னது. அதுவும் காவலரின் கண்காணிப்பை விதித்தது. ஆயினும் அங்குப் பதிவேட்டில் இடம்பெற்றவர் வழக்குமன்றத்தில் தண்டனை பெற்றவர். இருமுறை கடுங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரையே, அதுவும் ஏழாண்டுக்கு மேற்படாமல், கண்காணிப்பில் வைக்கலாம் என அது வரையறுத்தது. ஆங்கிலேயன் தன் செயலால் ஐயத்திற்குரியவன் ஆனான். இந்தியன் தன் தாய் வயிற்றிலேயே ஐயத்திற்குரியவன் ஆனான். ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரே நோக்கத்திற்கென இயற்றிய இரு சட்டங்களுக்கிடையே உள்ள இவ்வேறுபாட்டிற்கு இனவேற்றுமை தவிர வேறு விளக்கம் காண்டல் அரிது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர், தம்மை இந்திய நீதிபதி விசாரித்தலாகாது என்னும் சலுகையை நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் பெற்றிருந்தனர். 1883-இல் இல்பர்ட்டு மசோதா அச்சலுகையைக் குறைக்க முற்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1884-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஐரோப்பியக் குற்றவாளி, உறுப்பினருள் பாதிப்பேரேனும் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ உள்ள நடுவர் குழுவைக் கேட்டுப் பெறலாம் என்றாயிற்று. இவ்வகை வேறுபாடுகள் 1923-இல் குறைக்கப்பெற்று, 1949-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் முற்றும் நீங்கின. ஆகவே, குற்றவியல் நீதியில் பிறப்பு ஒருவர்க்குக் கேடயமாகவும் மற்றொருவர்க்குத் தளையாகவும் ஒரே காலத்தில் பயன்பட்டது என்பது புலனாகும்.

தென்னாட்டில் சட்டத்தின் வருகை

1911-ஆம் ஆண்டின் சட்டமே சென்னை மாகாணத்தை இவ்வலைக்குள் கொணர்ந்தது. இது பிரித்தானிய இந்தியா முழுவதற்கும் பொருந்துமாறு அமைந்தது. 1924-இல் முன்னைய சட்டங்களும் திருத்தங்களும் ஒருங்கே தொகுக்கப்பெற்று ஆறாம் சட்டமாயின. மதுரை மாவட்டத்தில் 1914 முதல் சில ஊர்க் கள்ளர் மீதும், 1918 முதல் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் சட்டம் பாய்ந்தது. குறவர், மறவருள் சில பிரிவினர், தென்னார்க்காட்டுப் படையாட்சியர், வேப்பூர்ப் பறையர் முதலாகப் பல சமூகத்தார் பட்டியலில் சேர்க்கப்பெற்றனர்.

சட்டத்தின் இயக்கம் பின்வருமாறு அமைந்தது. அறிவிக்கப்பெற்ற இனத்தாரின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பெறும்; அவர்தம் கைரேகை எடுக்கப்பெறும். பதியப்பெற்றவர் குறித்த நேரங்களில் காவலர் முன் தோன்றித் தம் இருப்பைத் தெரிவித்தல் வேண்டும். உறைவிடம் மாற்றினும் ஊர்விட்டு ஊர் செல்லினும் முன்னரே அறிவித்தல் வேண்டும். வெளியூர் செல்வார்க்குத் தரப்பெற்ற அனுமதிச் சீட்டை மக்கள் 'ராதாரிச் சீட்டு' என்றனர். சட்டத்தையே 'ரேகைச் சட்டம்' என வழங்கினர். பல ஊர்களில் வயதுவந்த ஆடவர் இரவுதோறும் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ படுத்துறங்க வேண்டியவராயினர். மனைவியின் பேறுகாலத்திலும், தந்தையின் இறுதி நோயிலும், புதுமணநாளிலும் இவ்விதிக்கு விலக்கில்லை என்பது அவ்வூர்களில் வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி.

கைரேகையைப் பற்றி ஈண்டு ஒரு குறிப்புத் தகும். ரேகையைக் கொண்டு ஆளை அறியும் முறை 1858-இல் வங்காளத்து ஊக்ளி மாவட்டத்தில் ஒப்பந்தப் பத்திரங்களின் பொருட்டு எர்சல் என்பாரால் கையாளப்பெற்றது. பின்னர் எட்வர்டு என்றியின் கீழ்ப் பணிபுரிந்த அசீசுல் அக்கு, ஏமசந்திர போசு என்னும் இந்தியர் இருவரின் உழைப்பால் வகைப்பாட்டு முறை உருப்பெற்று, 1897-இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் நிறுவப்பெற்றது. இம்முறை தன்னளவில் நீதிக்குத் துணையாவதே. குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடைத்த ரேகையை ஒருவன் ரேகையோடு ஒப்பிடுதல், பிறப்பை விடுத்துச் செயலை நோக்கும் ஆராய்ச்சியாகும். குற்றம் எதுவும் நிகழாதபோதே ஓர் ஊர் முழுவதன் ரேகையையும் வாங்கி வைத்தபோது, அக்கருவி தன் தன்மை திரிந்தது.

சட்டம் தன் சான்றைத் தானே படைத்தமை

இச்சட்டம் கொடியது என்று கூறிவிடுதல் எளிது. அது தன் முடிவுகளுக்குத் தேவையான சான்றுகளைத் தானே உண்டாக்கிக்கொண்ட முறையை அறிதலே ஆராய்வார் கருதற்பாலது.

பதியப்பெற்ற ஒருவர் இரவில் வருகை தரத் தவறினால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சீட்டின்றிப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் சென்றாலும் குற்றம். வேறொருவர் செய்தால் குற்றமாகாத செயல்கள் இவர் செய்தால் குற்றமாயின. களவு செய்ய வாய்ப்பு நோக்கி நின்றார் என வழக்குமன்றம் கருதுமளவிற்கு ஓரிடத்தில் காணப்பெற்றாலே மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம் என 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்துநான்காம் பிரிவு கூறியது. அட்டவணையிற் கண்ட குற்றங்களுள் ஒன்றிற்கு இரண்டாம் முறை தண்டனை பெறின், தனிக்காரணம் காட்டப்பெற்றாலன்றி, ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் வாழ்நாள் முழுதும் நாடுகடத்தல் என இருபத்துமூன்றாம் பிரிவு விதித்தது. அதே களவைச் செய்த வேறு குலத்தான் ஒருவன் பொதுச் சட்டத்தின்படியே தண்டனை பெற்றான்.

இதன் விளைவு யாது? இவ்வினத்தாரின் தண்டனைக் கணக்கு உயர்ந்தது. உயர்ந்த கணக்கைக் கண்ட அதிகாரிகள், இவர் குற்றவியல்பு உடையர் என நாம் கருதியது சரியே என்றனர். எனவே கண்காணிப்பு மேலும் இறுகிற்று. இறுகிய கண்காணிப்பு மேலும் தண்டனைகளை விளைத்தது. அளவுகோலே அளக்கப்படும் பொருளை நீட்டுமாயின் அவ்வளவையால் பெறப்படும் முடிவு என்னாகும்? ஓர் இனத்தாரின் தண்டனை எண்ணிக்கையைக் காட்டி அவ்வினத்தாரின் இயல்பை மெய்ப்பிக்க முயல்வார் எந்நாட்டிலும் எக்காலத்திலும் முதற்கண் விடையிறுக்க வேண்டிய வினா இது. எவரை மிகுதியாகத் தேடுகிறோமோ அவரிடையே மிகுதியாகக் காண்போம். காணப்பெற்றதன் அளவு குற்றத்தின் அளவையும் காட்டலாம்; தேடலின் அளவையும் காட்டலாம். இரண்டையும் பிரித்தறியாத கணக்கு ஐயத்தைப் பெருக்குமேயன்றி அறிவைப் பெருக்காது.

வாழ்வு முறிந்த வரலாறு

அவ்வாறாயின் இச்சமூகத்தாரிடையே களவே நிகழவில்லையா என்று வினவலாம். நிகழ்ந்தது. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. ஆயின், நிகழ்ந்ததற்குரிய காரணம் பிறப்பா, வாழ்வில் நேர்ந்த மாற்றமா என்பதே வினா.

தென்பாண்டி நாட்டில் ஊர்க்காவல் ஒரு தொழிலாகவும் உரிமையாகவும் விளங்கிற்று. பாடிகாவல் என்னும் பெயரால் இடைக்காலக் கல்வெட்டுகளும் காவல் வரியைக் குறிப்பிடுகின்றன. ஊரார் தரும் காவற்கூலியைப் பெற்றுப் பயிரையும் கால்நடையையும் காத்தலும், பொருள் களவுபோயின் மீட்டுத் தருதலும், மீட்க இயலாதபோது ஈடு செய்தலும் காவற்காரர் கடமை. ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றபின் அரசு இவ்வுரிமையை ஏற்க மறுத்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளம் பெறும் காவல்துறை அமைக்கப்பெற்றது. பழைய காவற்காரர்க்கு மாற்றுப் பிழைப்பு எதுவும் தரப்பெறவில்லை. தானியம் விளைதற்கு மழை போதாத உசிலம்பட்டிப் பகுதியில் காவற்கூலியே பலர்க்கு உணவு. ஏற்பு இழந்த காவல், சில இடங்களில் அச்சுறுத்திக் கூலி பெறுவதாகத் திரிந்தது. காணாமற்போன மாட்டை மீட்கத் 'துப்புக்கூலி' கேட்கும் வழக்கும் பெருகிற்று. உழவர் இதனால் உற்ற துன்பம் பொய்யன்று. 1896-ஐ ஒட்டி மதுரை மாவட்டத்தில் எழுந்த பண்டுக் கிளர்ச்சி அத்துன்பத்தின் வெளிப்பாடே.

குறவர் வரலாறும் இத்தகையதே. தெலுங்கு நாட்டில் எருகுலர் எனப்பெறும் இம்மக்களுள் ஒரு பகுதியார் கடற்கரை உப்பைப் பொதிமாட்டில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று, தானியம் மாற்றி வந்த வணிகர். 1856-இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை விரிய விரியப் பொதிமாடு தோற்றது. அரசின் உப்புக் கொள்கை சிறுவணிகரை விலக்கிற்று. 1882-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் மூங்கிலும் ஈச்சமும் வெட்டுவதற்குத் தடையாயிற்று. இடையே 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் எஞ்சிய மாடுகளையும் கொண்டுபோயிற்று. நிலையான உறைவிடமின்றி அலைதலே ஐயத்திற்குரிய செயலாகக் கருதப்பட்ட காலத்தில், அலைந்து பிழைத்தவர் அனைவரும் ஐயத்திற்குரியவராயினர். மீனா இராதாகிருட்டிணா 2001-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது.

இவ்வாறு பிடிபட்டவரை இரட்சணிய சேனை முதலிய அமைப்புகளின் பொறுப்பில் குடியிருப்புகளில் வைத்தனர். இன்றைய ஆந்திர மாநிலத்துப் பாபட்லாவிற்கு அருகில் அமைந்த இசுடூவர்ட்டுபுரம் அவற்றுள் பெயர்பெற்றது. அது சென்னை அரசின் உயர் அதிகாரி ஒருவர் பெயரைத் தாங்கியது. குடியிருப்போர் நிலத்திலும் புகையிலைத் தொழிற்சாலையிலும் உழைத்தனர். கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரால் மதுரை மாவட்டத்தில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. அப்பள்ளிகள் பல தலைமுறையினர்க்கு எழுத்தறிவித்தமை போற்றத்தக்கதே. ஆயினும் கல்வியைக் குற்றவாளியின் மகனுக்கு அளிக்கும் மருந்தாகத் தருதலுக்கும், குடிமகனின் உரிமையாகத் தருதலுக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது.

பிறப்புக் கொள்கையின் முரண்

குற்றம் பிறப்பால் வருவதெனின், ஒரே பிறப்பினர் எங்கும் ஒரே இயல்பினராதல் வேண்டும். மெய்ந்நிலை அதற்கு மாறாக இருந்தது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் கள்ளர் குலத்தினர். ஆங்கில அரசு அவர்களை மன்னரெனப் போற்றி நட்புக் கொண்டாடிற்று. அம்மன்னரின் எல்லையிலிருந்து சில காவதம் மேற்கே, அதே குலப்பெயர் தாங்கிய உழவன் ரேகை வைத்துக்கொண்டிருந்தான். இராமநாதபுரத்துச் சேதுபதிகள் மறவர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவித் தமிழாராய்ச்சிக்கு மறுவாழ்வளித்த பாண்டித்துரைத் தேவரும், அதற்குத் துணைநின்ற பாசுகர சேதுபதியும் அம்மரபினரே. பாண்டித்துரைத் தேவர் மறைந்த 1911-ஆம் ஆண்டே, அவர் குலத்தாருள் பலரைப் பின்னர்ப் பிணித்த சட்டம் இயற்றப்பெற்ற ஆண்டாகவும் அமைந்தது.

'கள்ளர்' என்னும் பெயரே சான்றாகாதோ எனச் சில ஆங்கில அதிகாரிகள் எண்ணினர். பெயர்க்காரணம் ஆராயும் நாம் இதனை ஏற்றல் இயலாது. வேங்கடத்துத் தலைவனாகிய புல்லியை அகநானூறு கள்வர்க்குத் தலைவன் எனக் கூறும். அவன் கொடையும் வீரமும் உடைய குறுநிலத் தலைவனாகவே ஆண்டுக் காட்சி தருகிறான். பழம்பெயர் ஒன்றின் இன்றைய பொருளைக்கொண்டு அப்பெயருடையாரின் இயல்பை வரையறுத்தல் சொல்லாராய்ச்சியும் ஆகாது, நீதியாராய்ச்சியும் ஆகாது.

எதிர்ப்பும் நீக்கமும்

மக்கள் இச்சட்டத்தை வாய்பேசாது ஏற்றனர் எனக் கருதுதல் பிழை. 1920-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறையினர் துப்பாக்கியாற் சுட்டனர். இறந்தார் பதினாறு பேர் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. மாயக்காள் என்னும் பெண்ணின் பெயரும் அவ்வீகத்தோடு சேர்த்து நினைக்கப்பெறுகிறது. பஞ்சாபில் சாலியன்வாலாத் துயரம் நிகழ்ந்து ஓராண்டு நிறையுமுன் இது நிகழ்ந்தது. அதனை உலகம் அறிந்தது. இதனைத் தமிழ்நாட்டாரிலும் பலர் அறியார்.

மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த சார்சு சோசப்பு, தாம் மலையாள நாட்டவராயினும் பிறமலைக் கள்ளரின் பொருட்டு வாதாடினார். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் 1930-களில் இச்சட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் மக்களைத் திரட்டினார். பொதுவுடைமை இயக்கத்தாரும் குரல் கொடுத்தனர். இதன் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பெற்றது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைந்த குழு 1950-இல் தன் அறிக்கையை அளிக்க, 1952-ஆம் ஆண்டு ஆகசுடு 31-ஆம் நாள் நாடு முழுவதும் சட்டம் நீங்கியது. சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பு 1950 சனவரியில் நடைமுறைக்கு வந்த பின்னரும் இரண்டரை ஆண்டுக் காலம், நாட்டின் பல பகுதிகளில் பிறவிக் குற்றவாளிகள் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

எச்சங்கள்

சட்டம் நீங்கினால் ஐயமும் நீங்குமா? வரலாறு 'இல்லை' என்றே விடை தருகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கிய மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணம் வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. பிற மாநிலங்களும் அத்தகைய சட்டங்களை இயற்றின. எழுத்தளவில் இவை இனத்தை நோக்காது தனிமனிதரின் தண்டனை வரலாற்றையே நோக்கின. அவ்வளவிற்கு இது முன்னேற்றமே. ஆயின் பழைய பதிவேடுகளிலிருந்து புதிய பதிவேடுகளுக்குப் பெயர்கள் இடம்பெயர்ந்தன. காவலரின் பழைய அறிவும் உடன்பெயர்ந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் இத்தகைய சட்டங்களை நீக்கப் பரிந்துரைத்தது. இனப்பாகுபாட்டை ஒழித்தற்கான ஐக்கிய நாடுகள் குழுவும் 2007-இல் அவ்வாறே இந்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தில் கெரியா சபரர் என்னும் பழங்குடியினைச் சேர்ந்த புதன் சபர் 1998-இல் காவலில் இறந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி முதலியோரின் முயற்சியால் வழக்குக் கல்கத்தா உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. இழப்பீடு வழங்க மன்றம் ஆணையிட்டது. அவர் சார்ந்த இனம் ஒருகாலத்தில் குற்றப் பரம்பரையென அறிவிக்கப்பெற்றது.

மராட்டிய மாநிலத்து வழக்கொன்று இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நாடோடி இனத்தார் அறுவர் கொலைக் குற்றம் சாட்டப்பெற்றனர். 2009-இல் உச்சநீதிமன்றமே அறுவர்க்கும் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. பின்னர் அவ்வழக்கு மீண்டும் ஆராயப்பெற்றபோது, கண்கண்ட சாட்சி காவல்துறையின் படத்தொகுப்பில் முதலில் அடையாளம் காட்டியவர் வேறு நால்வர் என்பதும், அந்நால்வரைப் பற்றிப் புலனாய்வு செய்யப்பெறவில்லை என்பதும் வெளிப்பட்டன. 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் அதே மன்றம் அறுவரையும் விடுவித்து, ஒவ்வொருவர்க்கும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. அவர் இழந்தது பதினாறு ஆண்டு. உண்மைச் சான்று தாமதித்து வந்தபோதும் இவர்க்கு உயிர் எஞ்சியிருந்தது; கோவலனுக்கு அப்பேறு இல்லை.

2024-ஆம் ஆண்டு, மே மாதத்தில் உச்சநீதிமன்றம் காவல் நிலையங்களின் குற்ற வரலாற்றுத் தாள்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. பிற்பட்டோர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் ஆகியோருள் ஒன்றுமறியாதார் மீதும் இத்தாள்கள் எந்திரம்போல் தொடங்கப்பெறும் வழக்கத்தைச் சுட்டி, அதனைத் தவிர்க்குமாறு மன்றம் அறிவுறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைச்சாலைகளில் சாதிவழி வேலை பகிர்தலும் சாதிவழிப் பிரித்து வைத்தலும் அரசியலமைப்புக்கு மாறானவை எனத் தீர்ப்பாயிற்று. சிறைப் பதிவேடுகளில் சாதிக்குரிய நிரலை நீக்குமாறும், சீர்மரபினர் காரணமின்றிக் கைது செய்யப்பெறாதிருத்தலைக் காவல்துறை உறுதிசெய்யுமாறும் மன்றம் பணித்தது. சில மாநிலச் சிறை விதிகள், அலைந்து திரியும் இனத்தைச் சேர்ந்தவர் என்பதனையே வழக்கமான குற்றவாளிக்குரிய அடையாளமாக அதுவரை கொண்டிருந்தன. 1871-இல் விதைத்த வித்து 2024 வரை வேர்விட்டிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன போதரும். குற்றப் பரம்பரைச் சட்டம், செயலை மெய்ப்பிக்கும் கடமையிலிருந்து அரசை விடுவித்துப் பிறப்பையே சான்றாக்கிற்று. அது தன் விதிகளாலேயே குற்றங்களைப் பெருக்கி, பெருகிய குற்றங்களைத் தனக்கு ஆதாரமாகக் காட்டிற்று. அதனால் பிணிக்கப்பெற்றோரின் வரலாற்றில் தொழிலிழப்பும் உரிமையிழப்பும் பஞ்சமும் காரணங்களாய்க் காணப்படுகின்றன. குருதி காரணமாகக் காணப்படவில்லை. சட்டம் நீங்கிய பின்னரும் அதன் நெஞ்சம் பதிவேடுகளிலும் விதிநூல்களிலும் வாழ்ந்தது.

செங்கோன்மை கூறப்புகுந்த திருவள்ளுவர், குற்றத்தை ஆராய்தலை முதற்கண் வைத்தார். ஒருபாற் சாயாமையை அதன்பின் வைத்தார். ஆராயாத இடத்தில் நடுவுநிலைக்கு இடமே இல்லை என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும். பதிவேடுகளைத் திருத்தும் பணி மன்றங்களுக்கும் அரசுக்கும் உரியது. நாவிலுள்ள பதிவேட்டைத் திருத்தும் பணி நமக்குரியது. ஒரு குலத்தின் பெயரை வசையாக வழங்கும் ஒவ்வொரு முறையும், நீக்கப்பெற்ற அச்சட்டத்தின் ஓர் அறிவிப்பை நாம் மீண்டும் வெளியிடுகிறோம். அகராதி தொகுப்பாரும் ஆசிரியரும் இச்சொற்களின் பிறப்பை மாணவர்க்கு எடுத்துரைப்பாராயின், அதுவும் நீதிக்குச் செய்யும் ஒரு தொண்டாகும்.